'ஃபார் எவர்' என்று எழுதிய சட்டம்: 1802 முதல் 1948 வரை

ஆங்கிலத்தில் பத்திரமும் ஒப்பந்தமும் எழுதுகிறவர்களுக்குச் சில சொற்கள் மீது தனிப் பிரியம் உண்டு. பெர்மனன்ட், பெர்பெச்சுவல், ஃபார் எவர், இர்ரிவோக்கபிள், அப்சல்யூட். எல்லாமே நிரந்தரம், மாற்ற முடியாது என்ற தொனியில் வருபவை. வீட்டுமனைப் பத்திரம், வங்கிக் கடன், வேலை ஒப்பந்தம், காப்பீடு என்று எந்தத் தாளை எடுத்தாலும் இவற்றில் ஒன்றாவது கண்ணில் படும். பட்டதும் படிக்கிறவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அடுத்த வரியை யாரும் கவனிப்பதில்லை. இந்தச் சொற்கள் நடைமுறையில் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்க்க வேண்டுமானால், பிறந்ததில் இருந்து இறந்தது வரை முழுக் கணக்கும் கிடைக்கிற சட்டம் ஒன்றை எடுத்துப் பார்ப்பதுதான் சரி. அப்படி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: சென்னை மாகாணத்தின் 1802ஆம் ஆண்டு 25ஆவது ரெகுலேஷன் (கம்பெனி அரசு போட்ட சட்டத்துக்கு அன்றைய பெயர்). ஜமீன்தாரி முறைக்கு நம் மாவட்டங்களில் சட்ட உருவம் கொடுத்தது இதுதான்.

முதலில் அதன் வாசகம். முகவுரையில் வரும் ஒரு நீண்ட வாக்கியத்தில் அரசு தன் நோக்கத்தைச் சொல்கிறது. ஜமீன்தார்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் நிலத்தில் 'பெர்மனன்ட் ப்ராபர்ட்டி' தரப்படும்; அது 'இன் ஆல் டைம் டு கம்', அதாவது இனி வரும் காலமெல்லாம். மிதமான வரி ஒன்று 'ஃபார் எவர்' நிர்ணயிக்கப்படும். அந்தத் தொகை 'நெவர்', அதுவும் 'அண்டர் எனி சர்கம்ஸ்டன்சஸ்', எந்த நிலையிலும் கூட்டப்படாது. ஒரே வாக்கியத்துக்குள் நான்கு இடத்தில் ஆணி அடித்திருக்கிறார்கள். அதற்கு முன் கவலை, நிச்சயமின்மை என்ற சொற்களும் வருகின்றன. அந்த அச்சத்தை நீக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறது அரசு. எழுதியவர்கள் ஏமாற்ற நினைத்து எழுதினார்கள் என்று நான் கருதவில்லை. அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். அதனால்தான் இந்த வழக்கு படிக்கத் தகுந்தது.

அந்த நம்பிக்கை வங்காளத்தில் இருந்து வந்தது. 1770 பஞ்சத்துக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி ஒழுங்காக வரவில்லை. ஐந்தாண்டுக் குத்தகை, ஓராண்டுக் குத்தகை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஏலம் கேட்டவன் பாக்கி வைத்துவிட்டு ஓடினான். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1789இல் எழுதிய குறிப்பில், இந்துஸ்தானத்தில் கம்பெனி வசம் உள்ள நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாகக் கிடக்கிறது, அதில் விலங்குகள்தான் வாழ்கின்றன என்றார். பத்து வருடக் குத்தகையை நம்பி எவன் காட்டை வெட்டித் திருத்துவான் என்பது அவர் கேள்வி. உடன் இருந்த ஜான் ஷோர், நில அளவும் உரிமைகளும் சரியாகத் தெரியாத நேரத்தில் நிரந்தரம் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், பத்தாண்டு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். காரன்வாலிஸ் பக்கம்தான் லண்டன் சாய்ந்தது. 1793 மார்ச் 22 அன்று அறிவிப்பு வந்தது. வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு அரசுக்கு, ஒரு பங்கு ஜமீன்தாருக்கு என்ற கணக்கில் தொகை நிர்ணயமாகி, அதுவே என்றைக்கும் என்று பூட்டப்பட்டது. ஷோர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. அவர் எதிர்த்தது ஜமீன்தாரியை அல்ல, அந்தச் சொல்லை.

தெற்கே நிலைமை வேறு. இங்கே ஜமீன்தார்கள் ஆகப்போகிறவர்கள் பாளையக்காரர்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799இல். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801இல். அதே ஆண்டு ஆற்காட்டு நவாபிடம் இருந்து கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு வந்தது. டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொன்னது: ஆயுதங்களை ஒப்படையுங்கள், பதிலுக்கு நிலையான ஜமீன் உரிமை தருகிறோம். ஆக, வங்காளத்தில் காட்டைத் திருத்தச் சொன்ன வாக்குறுதி, இங்கே வேலும் துப்பாக்கியும் வாங்குவதற்கான விலை. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1803இல் சன்னது பெற்றன. அந்தச் சாசனத்துக்குப் பெயர் பாரசீகத்தில் இருந்தது: சன்னது இ மில்கியத் இ இஸ்திமிரார். சிவகங்கை ஜமீன்தாரை 'இஸ்திமிரார் ஜமீன்தார்' என்றே குறிப்பிடுவார்கள். இஸ்திமிரார் என்றாலும் நிலையானது என்றுதான் பொருள். செலுத்த வேண்டிய தொகை பேஷ்குஷ்.

அப்புறம் நடந்தது என்ன?

ஜமீன்தார் இல்லாத இடங்களில் அரசே ஜமீன்களை உண்டாக்கியது. செங்கல்பட்டு, சேலம், திண்டுக்கல் பக்கம் நேரடி அரசு நிலங்களைத் துண்டு போட்டு, மிட்டா என்று பெயரிட்டு, ஏலத்தில் விற்றார்கள். வாங்கியவர் மிட்டாதார். அவர்களுக்கும் அதே 'ஃபார் எவர்' சாசனம்தான். ஆனால் அந்தச் சாசனத்தைக் கொடுத்த அதே சட்டத்துக்குள், பேஷ்குஷ் பாக்கி விழுந்தால் நிலத்தை ஜப்தி செய்து விற்கலாம் என்ற பிரிவும் இருந்தது. மிட்டாக்கள் பல சில வருடங்களிலேயே பாக்கியில் விழுந்து, ஏலத்துக்கு வந்து, அரசிடமே திரும்பின. வங்காளத்தில் இது இன்னும் கடுமை. குறித்த நாளின் சூரியன் மறைவதற்குள் பணம் கட்டாவிட்டால் ஏலம். மழை பொய்த்தது, வெள்ளம் வந்தது என்று காரணம் சொல்ல முடியாது. பழைய ஜமீன்கள் பல முதல் இருபது ஆண்டுகளுக்குள் கைமாறின. நிலையான உரிமை என்று படித்தவர்கள், அது தவணை தவறாதவரை நிலைக்கும் உரிமை என்பதை ஏலத் தண்டோரா கேட்டபோது புரிந்துகொண்டார்கள்.

அப்படியானால் அந்தச் சொல் பொய்யா? இல்லை. அந்தத் தொகை மாறவே இல்லை. ஜமீன் ஒழியும் வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, 1803இல் எழுதிய பேஷ்குஷ்தான். விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியது, நாணயத்தின் மதிப்பு இறங்கியது, கிணறும் ஏரிப் பாசனமும் பெருகி விளைச்சல் கூடியது. கூடிய வருமானத்தில் அரசுக்குத் தம்பிடி கூடுதலாக வரவில்லை. 'நெவர்' என்று எழுதியதை அரசு எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றியது. ஒரு சட்டச் சொல் இத்தனை காலம் தன் வேலையைச் செய்திருப்பது அபூர்வம் என்றே சொல்வேன்.

ஆனால் அந்தச் சொல் அந்தத் தொகையை மட்டுமே பிடித்து வைத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த எல்லாம் நகர்ந்தன. இதுதான் இந்த வழக்கின் மையம்.

சட்டத்தின் 4ஆவது பிரிவைப் பார்த்தால் இது ஆரம்பத்திலேயே தெரியும். உப்பு, வெடியுப்பு, சுங்கம், சாராய வரி, ஆள் வரி, தொழில் வரி, சந்தை வரி, வரியிலி நிலங்கள் ஆகியவை இந்த நிர்ணயத்தில் சேராது என்று அங்கே எழுதியிருக்கிறது. அவற்றை வைத்துக்கொள்வதும் நீக்குவதும் அரசின் விருப்பம். முகவுரையில் நான்கு ஆணி. நான்காவது பிரிவில் வாசல் திறந்து கிடக்கிறது. முகவுரையை மனப்பாடம் செய்த ஜமீன் வக்கீல்கள் அடுத்த நூற்றாண்டு முழுக்க இந்த வாசல் வழியாக வந்தவற்றோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

1871இல் சாலைகளுக்கும் உள்ளூர்ச் செலவுகளுக்கும் நிலத்தின் மேல் செஸ் என்ற கூடுதல் வரி போட்டார்கள். வங்காள ஜமீன்தார்கள் கொதித்தார்கள்; கூட்டாது என்றுதானே 1793இல் வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். இது நிலவரி அல்ல, தனிச் செஸ் என்பது அரசின் பதில். வருமான வரி வந்தபோது அதே கேள்வி இன்னும் பெரிதாக எழுந்தது. விவசாய வருமானம் போக ஜமீன்தாருக்குக் கிடைக்கும் மற்ற வருமானங்களுக்கு வரி கேட்கலாமா? வழக்கு, லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1930இல் முடிந்தது. நிலவரியை நிலையாக்கியதால் ஜமீன்தாருக்குப் பொதுவான வரிகளில் இருந்து விலக்குக் கிடைத்துவிடாது, அப்படி எந்த வாக்குறுதியும் ரெகுலேஷனில் இல்லை என்று தீர்ப்பு வந்தது. எது நிலையானதோ அது நிலையாகவே இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒன்று முளைப்பதை அது தடுக்காது. சட்டப்படி இது சரியான வாசிப்பு. ஜமீன்தார்களின் ஏமாற்றமும் எனக்குப் புரிகிறது. 'அண்டர் எனி சர்கம்ஸ்டன்சஸ்' என்று படித்த யாருக்கும் தோன்றுவது வேறு.

இதுவரை பேசியது அரசும் ஜமீன்தாரும். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். உழுதவர்.

1802 வாக்கியத்தில் அவருக்கு எந்த ஆணியும் இல்லை. ஜமீன்தார் அரசுக்குக் கட்டுவது நிலையானது. குடிகள் ஜமீன்தாருக்குக் கட்டுவது? பட்டா கொடுக்க வேண்டும், கண்டபடி வாங்கக் கூடாது என்று கூடவே வந்த 30ஆவது ரெகுலேஷன் சொன்னது, அவ்வளவுதான். பட்டா எழுதுவதே ஜமீன் கச்சேரியில், அதாவது ஜமீன் அலுவலகத்தில். வாரம், தீர்வை, மேல்வரும்படி என்று பெயர் மாறி மாறி வசூல் நடந்தது. மேலே பூட்டு, கீழே பூட்டு இல்லை என்றால் நடுவில் இருப்பவரிடம் பணம் சேரும். ஜமீன் அரண்மனைகளின் உத்திரங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிரான முதல் திருத்தம் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த காலத்தில் வந்தது. 1822இன் 4ஆவது ரெகுலேஷன், 1802 சட்டங்கள் நிலத்தில் வேறு யாருக்கும் உள்ள உண்மையான உரிமைகளை வரையறுக்கவோ குறைக்கவோ அழிக்கவோ எழுதப்பட்டவை அல்ல என்று விளக்கம் கொடுத்தது. இருபது வருடம் கழித்து அரசு தன் சொல்லுக்குத் தானே எழுதிய உரை இது. பழைய வாக்கியத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. 'ஃபார் எவர்' அப்படியே இருந்தது. ஆனால் அது யாருக்கு எதிராகச் செல்லும், யாருக்கு எதிராகச் செல்லாது என்பது மாறிவிட்டது. பாராமகாலில் (சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியுடன் சேர்ந்து குடிகளிடம் நேரடியாகத் தீர்வை நிர்ணயம் செய்து பழகிய மன்றோவுக்கு, ஜமீன்தாரைத் தவிர வேறு ஆட்களும் நிலத்தில் இருக்கிறார்கள் என்பது கண்ணால் கண்ட உண்மை. மாகாணத்தின் பெரும்பகுதி, குடிகளிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்குப் போனது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஜமீன்களிடம் தங்கியது.

பிறகு 1908. ஜமீன் நிலங்களுக்கான எஸ்டேட்ஸ் லேண்ட் ஆக்ட். இதன் 6ஆவது பிரிவுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜமீன் ரயத்து நிலத்தில் சுவாதீனத்தில் இருக்கும் குடிக்கு 'பெர்மனன்ட் ரைட் ஆஃப் ஆக்குபன்ஸி' உண்டு என்றது அது. 1802இல் ஜமீன்தாருக்குக் கொடுத்த அதே பெயரடையை, 106 வருடம் கழித்து, உழுதவருக்கும் கொடுத்தார்கள். ஒரே நிலத்தில் இப்போது இரண்டு 'பெர்மனன்ட்'. நிலவாடகை வாங்கும் உரிமை ஒருவருக்கு நிரந்தரம், அங்கேயே இருந்து பயிர் செய்யும் உரிமை இன்னொருவருக்கு நிரந்தரம். இரண்டும் ஆங்கிலச் சட்டத்தில் ஒரே எழுத்துகள்தான். எது மிஞ்சியது என்பதைப் பார்ப்போம்.

1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் வருவாய்த்துறை அமைச்சர் பிரகாசம் தலைமையில் குழு ஒன்று அமைந்தது. 1938இல் அது கொடுத்த அறிக்கை 1802 வாசகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் போட்டது. ஜமீன்தார் நிலத்தின் சொந்தக்காரர் அல்ல, வரி வசூலிப்பவர். அரசின் பங்கு நிலையானது என்றால் குடி கட்டுவதும் அன்றைய அளவிலேயே நிலையாகிவிட்டது என்பது குழுவின் வாதம். ஜமீன்தார்கள் நூறு வருடமாகக் கேடயமாகப் பிடித்த சொல்லை, குடிகள் பக்கம் திருப்பிவிட்டார்கள். வரலாற்று வாசிப்பாக இது முழுக்கச் சரியா என்று வாதிடலாம். ஆனால் நிலையாமைக்குப் பயந்து எழுதிய சொல், அதை வாங்கியவர் கையை விட்டுப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1939இல் அமைச்சரவை ராஜினாமா செய்ததால் அறிக்கை சட்டமாகவில்லை.

விடுதலைக்குப் பிறகு வேகம். 1947இல் ஜமீன் குடிகளின் வாடகையை ரயத்துவாரி அளவுக்குக் குறைக்கும் சட்டம். அடுத்த வருடம் 1948இன் 26ஆவது சட்டம், எஸ்டேட் ஒழிப்பும் ரயத்துவாரி மாற்றமும். அதன் 3ஆவது பிரிவு ஆவேசம் எதுவும் இல்லாமல் வேலையை முடிக்கிறது. அரசு அறிவிக்கும் தேதி முதல், அந்த எஸ்டேட்டைப் பொறுத்தவரை 1802 ரெகுலேஷன் நீக்கப்பட்டதாகக் கருதப்படும். எஸ்டேட் முழுவதும் வில்லங்கம் எதுவும் இல்லாமல் அரசைச் சேரும். ஜமீன்தாரின் உரிமைகள் அற்றுப்போகும். எந்த இடத்திலும் 'ஃபார் எவர்' இல்லை, 'நெவர்' இல்லை. ஒரு தேதி மட்டும். இழப்பீடு எஸ்டேட்டின் வருமானத்தைப் பொறுத்து, அடிப்படை ஆண்டுத் தொகையைப் போல 12½ முதல் 30 மடங்கு வரை. பெரிய ஜமீனுக்குக் குறைந்த மடங்கு.

வாக்கு மீறல் அல்லவா என்ற கேள்வி அப்போதும் கேட்கப்பட்டது. ஒரு சட்டமன்றம் தனக்குப் பின் வரும் சட்டமன்றத்தின் கையைக் கட்ட முடியாது என்பது பதில். சட்டத்தில் எழுதிய 'என்றும்' அந்தச் சட்டம் உயிரோடு இருக்கும்வரைதான். பீகாரில் 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைச் செல்லாது என்றதும், அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து இத்தகைய நிலச் சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்யாமல் காக்கும் 31ஏ, 31பி பிரிவுகளையும் ஒன்பதாம் அட்டவணையையும் சேர்த்தது. 1952இல் உச்ச நீதிமன்றத்தில் விஷயம் முடிந்தது.

நம் பழைய கல்வெட்டுகளை எழுதியவர்கள் இந்த இடத்தில் வேறு வழியில் யோசித்திருக்கிறார்கள். 'சந்திராதித்தவற்', சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று அவர்களும் எழுதினார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. 'இத்தர்மம் ரக்ஷித்தார் ஸ்ரீபாதம் என் தலை மேலது' என்று பின்னால் வரப்போகிறவரின் காலைப் பிடித்தார்கள். கெடுத்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்று சபித்தார்கள். கொடுத்த சொல்லைக் காப்பது நாளை வருகிறவன் கையில் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோயிலில் நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் விடுவார்கள். அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா? சாகும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்து, நாளுக்கு இவ்வளவு நெய் அளக்க வேண்டியது பெற்றுக்கொண்ட இடையரின் பொறுப்பு. நிலைப்பதற்கு ஆள், அளவு, வேலை மூன்றும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. 1802 வாக்கியத்தில் அளவு மட்டும்தான் இருந்தது.

சிங்கம்பட்டி ஜமீனை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு இந்த ஜமீனிடம் இருந்தது. 1929இல் அதில் சுமார் 8,374 ஏக்கரை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் வந்தது அப்படித்தான். 1952இல் ஒழிப்புச் சட்டப்படி ஜமீன் அரசுக்குப் போனது. குத்தகை போகவில்லை, அரசின் கீழ் தொடர்ந்தது. என்றென்றைக்கும் உரிமை பெற்றவரின் உரிமை முடிந்துவிட்டது. அவர் எழுதிக்கொடுத்த 99 வருடத்தின் முடிவு 2028. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதிய ஒப்பந்தத்தை, அடுத்து வந்த அரசால் எண்ணிப் பார்த்து ஏற்க முடிந்தது. மலையில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தொழிலாளர்களுக்கோ, ஜமீனின் 'ஃபார் எவர்' ஆகட்டும் கம்பெனியின் 99 ஆகட்டும், இரண்டிலும் இடம் இல்லை. 2024இல் விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அவர்கள் கையில் காட்ட எந்தத் தாளும் இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1802இல் உழுதவர் இருந்த அதே இடத்தில்தான் இவர்களும் நிற்கிறார்கள். இதை வேதனையோடுதான் எழுதுகிறேன்.

இன்றைக்கு ஆங்கிலத்தில் வரும் தாள்களை எப்படிப் படிப்பது என்று கேட்டால், இந்த வழக்கில் இருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். 'பெர்மனன்ட்' என்று கண்டதும், எது நிரந்தரம் என்று பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். வேலையா, வேலைப் பிரிவா? வட்டி விகிதமா, வட்டிக் கணக்கிடும் முறையா? 'பெர்பெச்சுவல்' என்று பெயர் கொண்ட கடன் பத்திரத்தில் நிரந்தரமாக இருப்பது அசலைத் திருப்பிக் கேட்க முடியாத நிலைதானே தவிர, பணத்தின் பாதுகாப்பு அல்ல. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியைக் காப்பாற்றும்போது, ஏடி1 என்ற இந்த வகைப் பத்திரங்களில் ரூ. 8,415 கோடியை ஒரே அறிவிப்பில் பூஜ்யமாக்கினார்கள். வைப்புநிதி போன்றது என்று நம்பி வாங்கிய வயதானவர்களும் அதில் இருந்தார்கள். பெயர்ச்சொல்லுக்குப் பிறகு விலக்குப் பிரிவு, அதாவது இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு மாதிரி எங்கோ உள்ளே கிடப்பது. அப்புறம், பாக்கி விழுந்தால் என்ன ஆகும் என்ற பிரிவு. கடைசியாக, அந்தத் தாளில் பெயர் இல்லாமல் ஆனால் அதன் பலனைச் சுமக்கப்போகிறவர் யார் என்று.

அந்த இரண்டு 'பெர்மனன்ட்' விஷயத்துக்கு வருகிறேன். ஜமீன்தாருடையது அறிவிப்புத் தேதியோடு முடிந்தது. குடியுடையது முடியவில்லை, 1948 சட்டம் அதை ரயத்துவாரி பட்டாவாக மாற்றியது. ஜமீன் கிராமங்களில் 1950களிலும் 60களிலும் சர்வேயர்கள் வயல் வயலாகப் போய், யார் சுவாதீனத்தில் எது இருக்கிறது என்று எழுதி, செட்டில்மென்ட் பதிவேடு தயாரித்தார்கள். இன்றும் பழைய ஜமீன் பகுதியில் நிலம் வாங்கப் போனால், வக்கீல் 1803 சன்னதைக் கேட்பதில்லை. செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும், ஏ ரெஜிஸ்டர், அடங்கல் என்ற கிராம நிலக் கணக்குகளையும் எடுத்து வரச் சொல்கிறார். அந்த நகலில் புல எண், பரப்பு, தரம், தீர்வை, பட்டாதாரரின் பெயர் ஆகியவை வரிசையாக இருக்கும்.